பட்டப்பகலில் கிளம்பினாள் ஓவர்லாக் அக்கா

அந்தத் தெருவிலிருந்து வெளிநாட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் ஒருவரும் கிடையாது. பல் பிடுங்கப் போனார்கள். மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள். பெயின்டர் ஒருவர் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனார். மூன்று மாதம் கழித்து, பெரிய கப்பல் ஒன்றுக்கு முன்னால் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு அவர் நிற்கிற படம்தான் செல்போனில் வந்தது. சைக்கிளுக்கு நான்கு கடன்காரர்கள் உரிமை கொண்டாடினார்கள். யாரும் விட்டுக்கொடுக்காததால் அது இன்றைக்கும் காற்றடிக்கிற கடைச் சுவரில் சாய்ந்தபடி துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

போகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் போவார்கள். கையில் ஒரு துணிப்பை, காலில் தேய்ந்த செருப்பு, முகத்தில் லேசான பல்வலி. பெட்டியெல்லாம் முன்கூட்டியே சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கும். அவர்களை அயோக்கியர்கள் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. கடனை வைத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போக விடமாட்டார்கள். ஊரைவிட்டுப் போகாமல் கடனை அடைக்கவும் முடியாது. மனிதன் என்னதான் செய்வான், பல்லைத்தான் பிடித்துக்கொள்வான்.

இந்தத் தெருவில்தான் ஓவர்லாக் அக்கா இருந்தாள்.

ஏற்றுமதித் துணி தைக்கிற கம்பெனியில் அவளுக்கு ஓவர்லாக் மெஷின். வெட்டின துணியின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்து வராமல் சுற்றித் தைக்கிற மெஷின் அது. தைத்துக்கொண்டே போகும்போது மிச்சமாகத் துருத்திக்கொண்டிருக்கிற துணியைக் கத்தி வைத்து வெட்டியும் தள்ளிவிடும். அவள் வாயும் அப்படித்தான். அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதை பாதி, பயம் பாதி.

பதினான்கு வருடம் அந்த மெஷினில் உட்கார்ந்தவளுக்கு வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் இரண்டு வருட வேலை கிடைத்தது. அதே மெஷின், அதே ஓரம், மூன்று மடங்கு சம்பளம். டிக்கெட்டும் அவர்களே எடுத்துத் தந்தார்கள். ஏஜென்ட் ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னான்.

“யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கக்கா. ஏறி உக்காந்துட்டு அப்புறம் சொல்லிக்கலாம். உங்க தெருவுல இருந்து நான் அனுப்பின எல்லாருமே அப்படித்தான் போனாங்க.”

“எனக்குப் பல்லு நல்லாத்தான் இருக்கு,” என்றாள் அக்கா.

அவளுக்குக் கடன் மூன்று இடத்தில். மளிகைக்கடையில் கொஞ்சம். அதை மாதச் சம்பளத்தில் முடித்துவிடலாம். இரண்டாவது குழுக் கடன். ஐந்து பெண்கள் சேர்ந்து வாங்கியது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். மூன்றாவது, ஃபர்னிச்சர் கடை முதலாளியிடம் வட்டிக்கு வாங்கியது. அவள் புருஷன் ஒரு பழைய லோடு வண்டி வைத்திருந்தார். இன்ஜின் போயிற்று. இன்ஜின் மாற்றக் கடன் வாங்கினார். மாற்றின இன்ஜினும் போயிற்று. பிறகு வண்டியும் போயிற்று. கடன் மட்டும் எங்கேயும் போகவில்லை. ஊருக்கு அவர் இன்னும் வண்டிக்காரர்தான், வண்டி இல்லாவிட்டாலும்.

வண்டிக்காரர் நல்ல மனிதர். குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது. ஒரே ஒரு வழக்கம். வாசலில் கடன்காரர் குரல் கேட்டால் மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். உட்கார்ந்து உட்கார்ந்து அந்த இடத்தில் பாசியே பிடிக்கவில்லை.

“ஏஜென்ட் சொல்றதுதான் சரி. நீ பாட்டுக்குப் போயிடு. இங்க நான் சமாளிச்சுக்கறேன்,” என்றார் அவர்.

“எப்படி? தொட்டிக்குப் பின்னாலயா?”

அவர் மாடிப்படியைப் பார்த்தார்.

“பட்டன்காரி போனாளே, ஞாபகம் இருக்கா?” என்றாள் அக்கா.

யாருக்குத்தான் ஞாபகம் இல்லை. அதே கம்பெனியில் பட்டன் தைத்தவள், அதே குழுவில் ஐந்தாவது ஆள். பல் பிடுங்கப் போனாள். அவள் பங்கை மற்ற நான்கு பேரும் ஒரு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டினார்கள். அதைக்கூட அக்கா மறந்திருப்பாள். பட்டன்காரியின் மாமியாரைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. அந்தம்மா தெருக்குழாய்க்கு வருவதையே விட்டுவிட்டாள். இரண்டு தெரு தள்ளிப் போய், முகம் தெரியாத இடத்தில் குடத்தை வைத்துத் தண்ணீர் பிடித்து, இடுப்பு ஒடியத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தாள்.

அக்காவின் பெண் ஆஸ்பத்திரி லேப் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். காலையில் காலேஜ் பஸ் பிடிக்க அந்தத் தெரு முழுவதையும் நடந்தாக வேண்டும். மளிகைக்கடை, இஸ்திரி வண்டி, முனையில் ஃபர்னிச்சர் கடை.

“என் பொண்ணு சுத்து வழியில போகக் கூடாது,” என்றாள் அக்கா. “அவ்வளவுதான். நான் சொல்லிட்டுத்தான் போவேன்.”

மறுநாளே நேராக மளிகைக்கடைக்குப் போனாள்.

“அடுத்த மாசக் கடைசியில வெளிநாடு போறேன். ரெண்டு வருஷம். உங்க பாக்கியை இந்தச் சம்பளத்துல பாதி, அடுத்த சம்பளத்துல பாதி தந்துடறேன்.”

மளிகைக்கடைக்காரர் கையில் பருப்பு அளக்கிற படி அப்படியே நின்றது. “சரிம்மா, சந்தோஷம்மா,” என்றார். அவள் தலை மறைந்ததும் படியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே ஓடினார்.

இங்கேதான் அக்கா கணக்கில் தவறு. அந்தத் தெருவில் உண்மை சொல்லிப் பழக்கம் கிடையாது, கேட்டும் பழக்கம் கிடையாது. பல்வலி என்றால் வெளிநாடு என்று அவர்களுக்குத் தெரியும். வெளிநாடு என்றே ஒருத்தி வாய்விட்டுச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? மளிகைக்கடைக்காரர் கூட்டிக் கழித்துப் பார்த்தார். அடுத்த மாதம் என்கிறாள் என்றால் நாளைக்கே கிளம்புகிறாள். நம்மை அசட்டையாக இருக்க வைத்துவிட்டு ஓடப் பார்க்கிறாள். இது புது மாதிரித் திருட்டு. போதாக்குறைக்கு, அன்றைக்குக் காலையில் அக்கா சக்கரம் வைத்த சிவப்புப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு போனதை நாலு பேர் பார்த்திருந்தார்கள்.

சாயங்காலம் அவள் கம்பெனியிலிருந்து திரும்பும்போது வாசலில் ஒரு கூட்டமே நின்றது. முன்னால் மளிகைக்கடைக்காரர். பக்கத்தில் குழுத்தலைவியான இஸ்திரி அக்கா, பின்னால் குழுவில் மிச்சமிருந்த இரண்டு பெண்கள். ஓரமாக ஃபர்னிச்சர் கடை முதலாளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. வண்டிக்காரர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மாடியில் தொட்டிக்குப் பின்னால் ஒரு செருப்பு தெரிந்தது.

“ஏண்டி, நாலு வருஷமா ஒரே பாயில உக்காந்திருக்கோம். எங்களுக்கும் பட்டை நாமம் போடப் பாக்கறியா?” என்று இஸ்திரி அக்கா பிடித்துக்கொண்டாள்.

“உங்களுக்குச் சொல்லத்தான் வந்துட்டிருக்கேன்.”

“சொல்லிட்டு ஓடுறதுக்குப் பேரு என்னடி?”

“பெட்டி வாங்கியாச்சு, பெட்டி வாங்கியாச்சு,” என்று மளிகைக்கடைக்காரர் குதித்தார். “பெட்டில என்ன இருக்கு, காட்டச் சொல்லு!”

அக்கா உள்ளே போனாள். சிவப்புப் பெட்டியை இழுத்து வந்து நடு வாசலில் மல்லாக்கப் போட்டுத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. கடையில் வைத்துக் கொடுத்த கசங்கின காகித உருண்டைகள்தான் கிடந்தன. மளிகைக்கடைக்காரர் விடவில்லை. குனிந்து உள்ஜிப்பைத் திறந்து கையை விட்டுத் துழாவினார்.

“நல்லாத் தேடுங்க. என் மானம் அங்கதான் எங்கயோ கிடக்கு. கிடைச்சா எடுத்துக் குடுங்க,” என்றாள் அக்கா.

யாரோ சிரித்துவிட்டார்கள். மளிகைக்கடைக்காரர் கையை வெளியே எடுத்தார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. முதலாளி மட்டும் கடைசிவரை நின்றார். பெட்டியைப் பார்த்தார், மாடியில் தெரிந்த செருப்பைப் பார்த்தார், உள்ளே விளக்கடியில் புத்தகம் வைத்திருந்த பெண்ணைப் பார்த்தார், போய்விட்டார்.

காலையில் எழுந்து கதவைத் திறந்தால் எதிர்ச் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கடையிலிருந்து வந்த புது நாற்காலி. சுற்றின பாலிதீனைக்கூடப் பிரிக்கவில்லை, விலைச்சீட்டு முதுகில் ஒட்டியிருந்தது. அதில் ஐம்பது வயது மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அசையும்போதெல்லாம் பாலிதீன் சரசரவென்றது.

“யாருங்க நீங்க?”

“முதலாளி உக்காரச் சொன்னாருக்கா. நீங்க வெளிய போனா போன் பண்ணணும். வேற ஒண்ணும் இல்ல. நான் பாட்டுக்கு இருப்பேன்.”

“நான் கம்பெனிக்குத்தான் போறேன்னு போன் பண்ணுங்க. சாயங்காலம் வர்றதையும் சொல்லுங்க.”

“சரிக்கா,” என்று அவர் நிஜமாகவே போனை எடுத்தார்.

அவருக்கு நாற்காலிக்காரர் என்று பெயர் விழுந்தது. காலையில் வருவார், பொழுது சாய்ந்ததும் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்விடுவார். பாலிதீன் கிழியாமல் நாற்காலியைத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் அவர் கவலையெல்லாம். அக்கா இரண்டாம் நாளே அவருக்கும் சேர்த்து டீ போட ஆரம்பித்தாள். வண்டிக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

“நம்மள காவல் காக்க வந்தவனுக்கு நாமளே டீயா?”

“வீட்டுக்கு வாட்ச்மேன் வெச்சுக்க நமக்கு வக்கு உண்டா? ஓசியில கிடைச்சிருக்காரு. பேசாம இருங்க.”

இனி கம்பெனிக் கணக்கு. வேலையை விட்டால் பதினான்கு வருடத்துக்கும் சேர்த்து ஒரு தொகை வர வேண்டும். அதை நம்பித்தான் அக்கா இத்தனை தைரியமாகத் தெருவில் வாயைத் திறந்தது. ஆபீஸில் இருந்தவர் கம்ப்யூட்டரைவிட்டுத் தலையைத் தூக்காமல், “ஆறு மாசம் ஆகும்மா,” என்றார்.

“நான் அடுத்த மாசம் போறேன் சார்.”

“போயிட்டு வந்து வாங்கிக்க.”

அக்கா சண்டை போடவில்லை. அன்றைக்கு டீ இடைவேளையில் ஆபீஸ் வாசலில் போய் நின்று, உள்ளே கேட்கிற மாதிரி, “சார், என் கணக்கு என்னாச்சு சார்?” என்றாள். மதிய இடைவேளையில் அதே கேள்வி. மறுநாள் மூன்று தடவை. முகத்தில் கோபம் கிடையாது, குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது. மெஷின் ஓடுகிற மாதிரி ஒரே சீர். நாலாம் நாள் கட்டிங் செக்‌ஷன் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்று, “அக்கா, நாம வேலையை விட்டா இவ்வளவு வருமா? எனக்கு எவ்வளவு வரும்?” என்று கேட்டாள். அக்கா அவளிடம், “எனக்கென்ன தெரியும், உள்ள சாரைக் கேளு,” என்றாள். அடுத்த நாள் ஆபீஸ் வாசலில் ஒன்பது பெண்கள் நின்றார்கள். எல்லாருக்கும் அதே கேள்வி.

அன்று சாயங்காலமே அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். அந்த வாரக் கடைசியில் பணம் கைக்கு வந்தது. “இனிமே அந்த வாசல்ல நிக்காதம்மா தாயே,” என்று கும்பிட்டார் ஆபீஸ்காரர்.

வந்த பணம் ஒரு கடனை முழுதாக அடைக்கும். இரண்டு கடனுக்குப் போதாது. குழுவா, முதலாளியா?

“முதலாளிக்குக் குடுத்துடலாம்,” என்றார் வண்டிக்காரர். “அவர்தான் ஆள் போட்டு உக்கார வெச்சிருக்காரு. அந்தப் பொம்பளைங்க என்ன பண்ணிடப் போறாங்க, நாலு வார்த்தை திட்டுவாங்க.”

“ஆள் போடறவனுக்கு முதல்ல, ஆள் இல்லாதவளுக்குக் கடைசிலயா? நல்லா இருக்கே நியாயம்!”

“இல்ல... நான் ஒண்ணு பேசி வெச்சிருக்கேன்.” வண்டிக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “பணத்தைக் குழுவுக்கே கட்டணும்னு நீ நின்னா, அதுக்கும் அவர் ஒரு வழி சொன்னாரு. பொண்ணை அவர் கடைல உக்கார வெச்சா, நீ பணம் அனுப்புற வரைக்கும் வட்டி கேக்க மாட்டாராம். கல்லாவுல கணக்கு எழுதற வேலை. ஃபேன் காத்து. ஒரு மூணு மாசம், காலேஜுக்கு லீவு சொல்லிட்டு...”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சரின்னு... யோசிக்கிறேன்னு...”

“சரின்னு சொன்னீங்களா, யோசிக்கிறேன்னு சொன்னீங்களா?”

“சரின்னுதான் சொன்னேன்.”

எப்போதும் ஓயாத வாய் அன்றைக்கு ஓய்ந்தது. வண்டிக்காரருக்கு அதுதான் பயமாக இருந்தது. அவள் திட்டியிருந்தால் மாடிக்காவது போயிருப்பார். பெண் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, “அப்பா, நான் மூணு மாசம் போகலைன்னா பரீட்சைக்கே விடமாட்டாங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

காலையில் டீ கொடுக்கும்போது அக்கா எதிர்ச் சுவரோரம் குந்திக்கொண்டாள்.

“அண்ணே, நீங்க அந்தக் கடைல எத்தனை வருஷமா வேலை பாக்கறீங்க?”

“வேலைன்னு என்னக்கா... ஆறு வருஷமா இருக்கேன்.”

“சம்பளம்?”

அவர் டீயை ஊதினார். பாலிதீன் சரசரத்தது. “சம்பளம் இல்லக்கா. கொஞ்சம் பணம் வாங்கியிருந்தேன். என் மூத்தவ கல்யாணத்துக்கு. கட்ட முடியல. வட்டிக்குப் பதிலா ஒரு மூணு மாசம் கடைல வந்து உக்காருன்னாரு. நல்ல மனுஷன், சாப்பாட்டுக்குக் காசு குடுத்துடுவாரு. கட்டில் தூக்கணும்னா தூக்குவேன், காவல் இருக்கணும்னா இருப்பேன்.”

“அசல்?”

“அது அப்படியே இருக்கு.” அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு சின்னச் சிரிப்புகூட வந்தது. “நான் வட்டிக்குத்தானே உக்காந்திருக்கேன். அசலுக்கு எங்க உக்காருறது?”

அக்கா எழுந்தாள். காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். கதவருகே நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வண்டிக்காரரைத் தாண்டி உள்ளே போனாள். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

குழுக் கூட்டம் வாரத்துக்கு ஒரு முறை, இஸ்திரி அக்கா வீட்டு முன்னறையில். ஒரு பாய் விரிப்பார்கள். எல்லாருடைய பணமும் பாயில் விழும்வரை ஒருத்தியும் எழுந்திருக்கக் கூடாது, அதுதான் கட்டுப்பாடு. ஒருமுறை ஒருத்தியிடம் பணம் குறைந்து, எல்லாரும் விளக்கு வைக்கிற நேரம்வரை கால் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வாரம் அக்கா உள்ளே நுழைந்தபோது யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. தானே இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து சுருட்டின பையை எடுத்துப் பாயில் வைத்தாள்.

“இது என்னடி?”

“என் பங்கு. மொத்தமும். கடைசித் தவணை வரைக்கும்.”

இஸ்திரி அக்கா எண்ணினாள். எச்சில் தொட்டு இன்னொரு தடவை எண்ணினாள். ஒரு நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“கள்ள நோட்டான்னு பாக்கறியாக்கா?”

“உன்னை நம்பலாம்டி. உன் கம்பெனியை நம்ப முடியாது.” இஸ்திரி அக்கா பணத்தை மடியில் வைத்துக்கொண்டாள். “நான் அன்னிக்கு உன் வாசல்ல வந்து கத்தினேன்.”

“கத்தினா என்ன, வாய் வலிச்சது உனக்குத்தானே. நாளைக்கு ஒரு எடத்துல வந்து நிக்கணும். கத்த வேண்டாம். சும்மா நின்னாப் போதும்.”

மறுநாள் விடுமுறை. ஃபர்னிச்சர் கடையில் வியாபாரம் சூடாக இருந்தது. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி கட்டிலில் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளி கல்லாவில். அக்கா உள்ளே போனாள். அவள் பின்னால் வண்டிக்காரர். வாசலில் இஸ்திரி அக்காவும் இரண்டு பெண்களும், பீரோக் கண்ணாடியில் முகம் பார்க்கிற மாதிரி நின்றார்கள்.

“வாம்மா, வா. அப்புறம் பேசலாமே, வியாபார நேரம்,” என்றார் முதலாளி.

“எனக்கும் நேரம் இல்லண்ணே, அதான் இப்பவே வந்தேன். உங்ககிட்ட வாங்கினது எவ்வளவோ அதை நான் மறுக்கல. ரெண்டு வருஷமா வட்டி கட்டினோம். கட்டின வட்டி வாங்கினதைத் தாண்டிடுச்சு. இனிமே வட்டி கிடையாது. அசலைப் பத்துப் பங்காப் போட்டு மாசா மாசம் இவர் கையால உங்க கல்லாவுல வைப்பாரு. பில்லுல எழுதிக் குடுக்கணும்.”

முதலாளி சிரித்தார். “நீ முடிவு பண்ணிட்டியாக்கும். பொண்ணை அனுப்பறதாப் பேச்சு.”

அக்கா வாயைத் திறப்பதற்குள் வேறொரு குரல் கேட்டது. அந்தக் கடைக்குள் அந்தக் குரல் அவ்வளவு சத்தமாக ஒருபோதும் கேட்டதில்லை.

“வண்டிக்கு வாங்கினது நான்,” என்றார் வண்டிக்காரர். காது சிவந்திருந்தது. “பேசினதும் நான்தான். தப்பாப் பேசிட்டேன். என் பொண்ணு வரமாட்டா. லாரி ஓட்ட ஆள் கேட்டிருக்காங்க, திங்கக்கிழமைல இருந்து போறேன். பணம் என்கிட்ட கேளுங்க. வாசல்ல வந்து கேளுங்க. நான் வீட்டுலதான் இருப்பேன். கீழ.”

முதலாளியின் சிரிப்பு போய்விட்டது. கல்லாவைப் படாரென்று சாத்தினார்.

“ஏம்மா, என்ன நெனச்சிட்டிருக்கே? என் மச்சான் ஏர்போர்ட்ல இருக்கான். ஒரு போன் போட்டேன்னா உன்னை ஏற விடாம இறக்கிடுவான், தெரியும்ல?”

“தெரியும்ணே. வண்டி நிறுத்துற எடத்துல டோக்கன் கிழிக்கிறாரு. நான் பஸ்ஸுல போறேன், எனக்கு டோக்கன் வேணாம்.”

மூலையில் கட்டிலுக்குக் கால் பொருத்திக்கொண்டிருந்த நாற்காலிக்காரர் சட்டென்று இன்னும் குனிந்துகொண்டார். மச்சான் விஷயத்தைச் சொன்னது வேறு யார்.

“சும்மா பேச்சு எதுக்கு,” என்று அக்கா தொடர்ந்தாள். “ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கே போவோம். நான் கடன்காரிதான், அங்கேயும் அதைத்தான் சொல்லுவேன். நீங்களும் சொல்லுங்க, எவ்வளவு குடுத்தீங்க, எவ்வளவு வட்டி, எந்த லைசன்ஸுல குடுத்தீங்கன்னு. கட்டில் விக்கிற லைசன்ஸா, பீரோ விக்கிற லைசன்ஸா? வாங்க. செருப்பைப் போடுங்க.”

அவள் உண்மையிலேயே திரும்பி வாசல் பக்கம் நடந்தாள். வாசலில் மூன்று பெண்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்த மணப்பெண் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, “நாம வேற கடையில பாக்கலாமே,” என்றாள். அது முதலாளியின் காதில் நன்றாக விழுந்தது.

“ஏய், இரும்மா! எதுக்கெடுத்தாலும் ஸ்டேஷன்!” என்று அவர் எழுந்தார். ஜோடியைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். “குடும்ப விவகாரம், நீங்க பாருங்க, பாருங்க. தேக்கு அது.” பிறகு குரலைத் தாழ்த்தி, “பன்னெண்டு பங்கா வெச்சுக்கோ, கொஞ்சம் மேல போட்டு...”

“பத்து. மேல கீழ ஒண்ணும் இல்ல.”

“ஒரு மாசம் தவறினா...”

“தவறினா அன்னிக்கு நாற்காலி போடுங்க. இப்ப எடுத்துடுங்க.”

அவர் ஒத்துக்கொண்டேன் என்று வாயால் சொல்லவில்லை. பில் புத்தகத்தை எடுத்து, முதல் பங்கை வாங்கிக்கொண்டு, கொட்டை எழுத்தில் எழுதிக் கிழித்து மேஜைமேல் எறிந்தார். வண்டிக்காரர் அதை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஆனாலும் நாற்காலியை முதலாளி எடுக்கவில்லை. அவள் கிளம்புவதற்கு முந்தின நாள்வரை அது தினமும் எதிர்ச் சுவரோரம் வந்துகொண்டேதான் இருந்தது, வீம்புக்கு.

கிளம்புகிற நாளும் வந்தது. விமானம் மறுநாள் விடியலில். ஆனால் அக்கா வீட்டைவிட்டு இறங்கியது உச்சி வெயிலில், தெருவில் எல்லாக் கடையும் திறந்திருக்கிற நேரத்தில். இருக்கிறதில் நல்ல சேலை. காலில் புதுச் செருப்பு. இந்தப் பக்கம் பெண், அந்தப் பக்கம் புருஷன். சிவப்புப் பெட்டியை யார் தூக்கவும் விடவில்லை. நடுத்தெருவில், மேடு பள்ளம் எல்லாவற்றிலும், தடதடதடவென்று தானே உருட்டிக்கொண்டு போனாள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள்.

மளிகைக்கடை வாசலில் நின்றாள். “போயிட்டு வர்றேங்க. பாக்கி ஏதாவது உண்டா?”

“ஒண்ணும் இல்லம்மா,” என்றார் அவர். அவளை நேராகப் பார்க்க முடியாமல் படியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு மனசு கேட்காமல், “பொண்ணு எது கேட்டாலும் குடுக்கறேன்மா,” என்றார்.

“கடனா குடுத்துடாதீங்க. காசு வாங்கிட்டுக் குடுங்க.”

இஸ்திரி அக்கா வண்டியை விட்டு வரவில்லை. சூடான பெட்டியைத் துணிமேல் அழுத்தியபடி, “போயிட்டு வாடி. அங்கேயும் போய் வாயைக் குறைக்காத,” என்று கத்தினாள். கண்ணில் ஆவி பட்டதோ என்னவோ, முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

முனையில் ஃபர்னிச்சர் கடை. முதலாளி கல்லாவில் உட்கார்ந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கடை வாசலில் நாற்காலிக்காரர், அதே நாற்காலியில். அக்கா பெட்டியை நிறுத்தினாள்.

“போயிட்டு வர்றேண்ணே,” என்றாள் முதலாளியிடம். சத்தமாக. “சொல்லிட்டுத்தான் போறேன். ரெண்டு வருஷத்துல இதே வழியாத்தான் வருவேன்.”

அவர் பில் புத்தகத்தைப் புரட்டினார். ஆனால் தெரு முழுக்கக் கேட்டாகிவிட்டது.

கடைக்கும் சாலைக்கும் நடுவில் ஒரு சாக்கடை. மூடியிருந்த கல் உடைந்துபோயிருந்ததால் பெட்டியின் சக்கரம் சிக்கிக்கொண்டது. அக்கா இழுத்தாள், வரவில்லை. வண்டிக்காரர் குனிவதற்குள் பின்னால் சரசரவென்று ஒரு சத்தம். நாற்காலிக்காரர் எழுந்து வந்து பெட்டியை ஒரே தூக்காகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

“யோவ், எங்கய்யா போற?” என்றார் முதலாளி உள்ளேயிருந்து.

“பஸ் ஏத்தி விட்டுட்டு வரேன்.”

பஸ் வந்தது. பெட்டியை மேலே ஏற்றினார். அக்கா பெண்ணின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரு நொடி பார்த்தாள். “நடுத்தெருவுல போ, நடுத்தெருவுல வா,” என்றாள். புருஷனிடம், “தொட்டிப் பக்கம் பாசி பிடிச்சிருக்கணும், வந்து பாப்பேன்,” என்றாள். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு நாற்காலிக்காரரைப் பார்த்து ஏதோ சொன்னாள். பஸ் இரைச்சலில் வண்டிக்காரருக்குக் கேட்கவில்லை. நாற்காலிக்காரர் மட்டும் தலையாட்டினார்.

பெண் மறுநாள் காலையில் காலேஜ் பஸ்ஸுக்குப் போகும்போது ஃபர்னிச்சர் கடையைத் தாண்டித்தான் போனாள். நாற்காலி காலியாக இருந்தது. பாலிதீன் இத்தனை நாளில் கிழிந்துபோயிருந்தது. இனி அதைப் புதுசென்று விற்க முடியாது. நாற்காலிக்காரர் கடைக்கு வந்திருந்தார். கல்லாவுக்கு எதிரே நின்றுகொண்டு, அசல் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தார். முதலாளி உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.